கோச்சி போகட்டும் என்று நின்ற கரடி

எத்தனை தரம் இடையில் நிறுத்தினாலும் விட்ட சொல்லிலிருந்தே கதையைப் பிடிக்கத் தெரிந்த என் தம்பி ரெஜிக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. எங்கள் கூரைக்குள் மரநாய் குடிவந்திருக்கிறது. தாயும் இரண்டு குட்டிகளும். வெள்ளவத்தையில் சுற்றிவர எட்டு மாடி, பத்து மாடி என்று தொடர்மாடிகள் எழும்பிவிட்டன. இந்த ஒழுங்கையில் ஓடு போட்ட பழைய வீடு என்று மிஞ்சியிருப்பது நீ வாடகைக்கு எடுத்த இந்த மேல்வீடு ஒன்றுதான். பாவம், அவளும் வேறு எங்கே போவாள்?

பின்னேரம் ஆறு மணியானதும் அவள் வெளியே வந்து, கேபிள் கம்பியில் ஏறி, பூசைக்குப் போகிற பெண் மாதிரி நிதானமாகக் கடற்கரைப் பக்கம் நடக்கிறாள். கீழே பஸ், முச்சக்கரவண்டி, ஆட்கள். ஒருத்தரும் தலையை நிமிர்த்துவதில்லை. நான் நிமிர்த்துகிறேன். ஓம், நான்தான், உன் ஸ்டெல்லா அக்கா. வாயைப் பிளந்துகொண்டு நின்று பார்க்கிறேன். சிரிக்காதே.

நான் இங்கே வந்துவிட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன் பார். நீ போன மறு மாதமே கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு உன் மனைவி நிரோவோடும் மகள் ஷெரினோடும் வந்து சேர்ந்தேன். காலையில் உன் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே புதுக்கடைக்குப் பஸ் ஏறுகிறேன். அதே சட்டத்தரணியின் கந்தோர், அதே சத்தியக்கடதாசிகள், அதே தட்டச்சு. நிரோவுக்கு உதவி என்பது ஊருக்குச் சொல்கிற காரணம். உண்மையில் கொட்டாஞ்சேனை வீட்டில் எனக்குச் சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

மரநாய்க்கு வருகிறேன். கீழ்வீட்டு அங்கிள் ஒரு நாள் படியேறி வந்து, "மிஸ், கூடுவக் கேன்னத?" என்று சிங்களத்தில் கேட்டார். கூடு கொண்டுவந்து பிடிப்போமா என்று. சீலிங்கில் மூத்திர மணம், சரசரப்பு, அவருக்கும் பொறுமை இல்லை. நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஷெரின் வந்து எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். அவளுக்கு இப்போது ஏழு வயது. உன் மூக்கு, நிரோவின் பிடிவாதம்.

"வேணாம் மாமி. அதுகள் மேல இருந்து கதைக்கிற. எங்களுக்கு விளங்காது, அவ்வளவுதான்."

"மரநாய் எங்கயடி கதைக்கிற?" என்றேன்.

"அப்பா மாதிரி. அப்பாக்கும் கதைக்க ஏலாதுதானே. ஆனா கதைச்சவர்தானே?"

அங்கிளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார்.

ரெஜி, அந்தப் பிள்ளைக்கு உன் குரல் தெரியாது. நான் அதை ஒரு நாளும் அப்படி யோசித்ததே இல்லை. தொண்டையில் வந்த நோய்க்காக உன் குரல்வளையை எடுத்தபோது அவளுக்கு ஒரு வயது. அதற்குப் பிறகு நீ இருந்த மூன்று வருடமும் அவளுக்குக் கையாலும் கண்ணாலும் சிலேட்டாலும்தான் கதை சொன்னாய். அவள் அறிந்த அப்பா சத்தமில்லாத அப்பா. கொழும்பு முழுக்கக் குரலால் உருண்டு புரண்ட மனிதனின் மகள் அவள்.

"உன்ட அப்பாட குரலைக் கேட்டா நீ பயந்திருப்பாய். அவ்வளவு பெரிய குரல்," என்றேன்.

"எங்க, காட்டுங்க பாப்பம்."

எதைக் காட்டுவது? நிரோவிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்டும் இல்லை மச்சாள். ஒப்பரேசனுக்குப் பிறகு போனில இருந்த எல்லாத்தையும் அவரே அழிச்சுப் போட்டார். கேக்க ஏலாம இருந்திருக்கும். நானும் அவரை ஏசேல்லை." உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் இந்தக் கடிதம் கிழிந்துபோகும். ஏனடா அப்படிச் செய்தாய்? உன் குரல் உன்னுடையது மட்டும்தான் என்று யார் சொன்னது?

அப்போதுதான் கரடி நினைவுக்கு வந்தது.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். நீ பகலில் துறைமுகத்துக் கம்பனியில் கிளார்க். பின்னேரங்களில் டப்பிங். வெள்ளவத்தையில் கோச்சி ஓடுகிற கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில், பாரூக் நானாவின் சின்ன ஸ்டூடியோவில், எங்கோ வெளிநாட்டில் செய்த கார்ட்டூன் படங்களுக்கு நீங்கள் இரண்டு பேரும் தமிழ் வாய் வைத்தீர்கள். ஐம்பது கிலோ இல்லாத உனக்கு எப்போதும் பெரிய உடம்புக்காரர்களின் குரல்தான். அதில் ஒன்று அந்தக் கரடி அப்பா. காட்டை வெட்டி வீட்டுத்திட்டம் கட்டிவிட்டார்கள் என்று தெரியாமல், பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கிற தெருவுக்குள் வந்து மாட்டிக்கொள்கிற கரடி.

எனக்கு அது வெட்கமாக இருந்தது. இப்போது ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, சொல்லிவிடுகிறேன். கோயில் வாசலில் பெண்கள் என்னைப் பிடித்து, "உங்கட தம்பி டிவியில கரடியா வாறாராமே?" என்று கேட்டபோது காது சிவந்துவிட்டது. குடும்பஸ்தன், வயது நாற்பது, கரடி. படம் ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே டிவியை மூடிவிட்டு உடுப்புத் தோய்த்தேன்.

அடுத்த நாள் நீ ஓடி வந்தாய். "அக்கா, பாத்தீங்களா?"

"ஓம் ஓம், பாத்தனான். நல்லாத்தான் இருந்திச்சு."

"எந்த இடம் புடிச்சிச்சு?"

"எல்லாம்தான்."

நீ ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டே தேநீர் கேட்டாய். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. ஊராருக்கெல்லாம் சத்தியக்கடதாசி அடித்துக் கொடுக்கிறவள் சொந்தத் தம்பிக்குச் சொன்ன பொய் அது.

பாரூக் நானா இப்போது தெஹிவளையில் இருக்கிறார். ஸ்டூடியோவும் அங்கேதான். சனிக்கிழமை கோச்சியில் ஒரு ஸ்டேஷன் போய் இறங்கினேன். அந்த ஐந்து நிமிடமும் பைக்குள் செபமாலையை உருட்டிக்கொண்டே போனேன். அந்த மனிதரும் அழித்திருந்தால்? அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது?

அவர் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே கேட்டேன்.

"ஈக்கி அக்கா," என்றார். இருக்கிறதாம். "சேனல்ல அழிச்சிட்டாங்க. வேற படமெல்லாம் நானும் அழிச்சிட்டேன், இடம் இல்ல. ரெஜிட கரடிய மட்டும் அழிக்க மனம் வரல்ல." பிறகு தலையைச் சொறிந்தார். "ஆனா ஹார்ட் டிஸ்க் பழசு. கையில தந்தா பஸ்ஸுல ஆடியே செத்துப் போகும். நாளைக்கு நானே வீட்டுக்குக் கொண்டு வாறேன்."

அந்தக் கதிரையில் அப்போதுதான் இருந்தேன். இருந்து நன்றாக அழுதேன்.

ஞாயிறு பின்னேரம் அவர் வந்தார். கணினியை டிவியில் பொருத்தினார். நிரோ கதவருகில் நின்றாள், உள்ளே வர மாட்டேன் என்று. ஷெரின் தரையில், டிவிக்கு ஒரு முழம் முன்னால். மேலே சீலிங்கில் குட்டிகள் ஓடுகிற சத்தம். நான் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு கார்ட்டூன் படம் பார்க்க உட்கார்ந்தேன். உனக்கு இந்தக் காட்சியைக் காட்டியிருக்க வேண்டும்.

கரடி வந்தது. வாயைத் திறந்தது. தம்பி, அது நீ. வீட்டின் கண்ணாடி அலுமாரி அதிர்கிற அந்தக் குரல். நிரோ சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இதுதான் மகள், உன்ட அப்பா," என்றேன்.

ஷெரின் திரும்பி என்னைப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "இல்ல மாமி. இது கரடி."

"கரடிதான். ஆனா குரல் அப்பாட."

"அப்பா இப்பிடி இல்ல," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் விளங்கவில்லை என்பது மாதிரிப் பொறுமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கேட்காத குரலை ஒரு பிள்ளை எப்படி அடையாளம் காணும்? இந்தச் சின்ன விசயம் என் மூளைக்கு ஏன் எட்டவில்லை?

படம் ஓடியது. அவள் சிரித்தாள், கரடியைப் பார்த்து. தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுக்கு அந்தக் கரடி ஒவ்வொரு தரமும் குனிந்து வணக்கம் சொல்கிறது, கதவு மரியாதை தெரிந்த பிராணி என்று. தபால் பெட்டியை ஒரு வாய் என்று நினைத்து, பாவம், காலையில் கடதாசி மட்டும் சாப்பிடுகிறது என்று அதற்குள் ஒரு தோடம்பழம் வைக்கிறது. நானும் சிரித்துவிட்டேன் ரெஜி. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகிற சாமான்கள் எல்லாம் அந்த மிருகத்துக்கு அதிசயம். அந்த அதிசயத்தை நீ பகிடி பண்ணவில்லை. ஒவ்வொன்றுக்கும் குரலைத் தாழ்த்தி, தேவாலயத்துக்குள் நுழைகிறவன் மாதிரிக் கதைத்திருக்கிறாய். இவ்வளவும் உன்னிடம் இருந்ததா? ஒரே வீட்டில் வளர்ந்தவளுக்கு இது தெரியாமல் போனது எப்படி?

பிறகு அந்தச் சமையலறை வந்தது. கரடி முதல்முறையாக ஒரு பிரிட்ஜைத் திறக்கிறது. உள்ளே வெளிச்சம். கரடி மூச்சை இழுக்கிறது.

"இஞ்ச வாங்க பிள்ளையள், வந்து பாருங்க! இந்தச் சனம் சூரியனப் புடிச்சு ஐசுக்குள்ள வச்சிருக்கு. இவங்கள் என்ன… பொறுங்கோ, கோச்சி போகட்டும்."

படத்தில் கோச்சி இல்லை. தெருவில்லை, பாதையில்லை, ஒன்றுமில்லை. கரடி வாயைத் திறந்தபடி அந்த வெளிச்சத்துக்கு முன்னால் அப்படியே நிற்கிறது. எங்கேயோ அடியில், மெல்லத் தடதடவென்று எங்கள் வெள்ளவத்தைக் கடற்கரைக் கோச்சி போகிறது. அது போய் முடிகிறது. கரடி விட்ட இடத்திலிருந்து சொல்கிறது: "…லேசுப்பட்ட ஆக்களா?"

நான் திகைத்துப்போய் பாரூக் நானாவைப் பார்க்கத் திரும்பினேன். அப்போதுதான் ஷெரினைக் கண்டேன்.

அவளுடைய வலது கை உயர்ந்திருந்தது. உள்ளங்கை வெளியே பார்க்க, விரல்கள் கொஞ்சம் வளைந்து, தோளுக்கு நேராக. உன் கை, ரெஜி. அச்சு அசல் உன் கை.

இந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லோரும் கோச்சி வந்தால் கதையை நிறுத்துவோம், கத்தினாலும் கேட்காது. போனதும் தொடங்குவோம். ஆனால் நீ மட்டும் கையை உயர்த்தி நிறுத்துவாய். குரல் போன பிறகும் அதை விடவில்லை. மகளுக்குக் கையால் கதை சொல்லிக்கொண்டிருப்பாய், கோச்சிச் சத்தம் வரும், உன் கை அப்படியே உயர்ந்து நிற்கும். போன பிறகு விட்ட இடத்திலிருந்து விரல்கள் ஓடும். எனக்கு எரிச்சல் வந்து ஒரு நாள் கேட்டேன், "உன்ட கதைக்குத்தான் சத்தமே இல்லையே, கோச்சிக்கு ஏன் நிக்கிறாய்?" நீ உடம்பு குலுங்கச் சிரித்தாய். சிலேட்டில் எழுதினாய்: "பழக்கம்."

அந்தக் கையைத்தான் அவள் பிடித்து வைத்திருந்திருக்கிறாள்.

கையை இறக்காமலே திரும்பினாள். "மாமி," என்றாள். "மாமி, இது அப்பா!" எழும்பி ஓடி நிரோவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அப்பா கதைக்கிற! அப்பா கரடிக்குள்ள இருந்து கதைக்கிற!"

நிரோ கதவருகிலேயே நிலத்தில் இருந்துவிட்டாள். உன் மரண வீட்டில் அழாத அழுகை அது. நாங்கள் தடுக்கவில்லை.

பாரூக் நானா மூக்கைச் சிந்திக்கொண்டு குற்றவாளி மாதிரிச் சொன்னார்: "அது எண்ட பிழை அக்கா. சுவத்துல டைம்டேபிள் ஒட்டி வெச்சு, கோச்சிக்கு நடுவுலதான் ரெக்கார்ட் செய்ற. அன்டைக்கு டைம்டேபிள்ல இல்லாத ஒரு எஞ்சின் வந்திச்சு. ரெஜி கரடிட குரல்லயே நிப்பாட்டினாரு. படத்துலயும் கரடி பாத்துக்கொண்டு நிக்கிற இடம், சத்தம் பொருந்திச்சு, நான் வெட்ட மறந்துட்டேன். டிவில போன பொறகுதான் கண்டேன், வேல போச்சு எண்டு நெனச்சேன். ரெஜி என்ன சொன்னாரு தெரியுமா? 'பயப்பிடாதீங்க நானா, வெள்ளவத்தைல ஒரு பிள்ளையும் கவனிக்காது.' மெய்தான். ஒருத்தரும் கேக்கல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே பயமும் வந்தது. அந்தப் பிழை நடந்திருக்காவிட்டால்? அந்த எஞ்சின் அன்றைக்கு வராமல் இருந்திருந்தால்? எவ்வளவு சின்ன ஒரு மறதியின் வழியாக ஒரு பிள்ளையிடம் அவளுடைய தகப்பன் வந்து சேர்ந்திருக்கிறான்! செபமாலையை வைத்துக்கொண்டு நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்க எனக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. நான் படம் பார்க்கவில்லை என்று உனக்கு அன்றைக்கே தெரியும், இல்லையா? நான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் கோச்சியைப் பற்றிக் கதைத்துக் கதைத்து உன் காதைத் தின்றிருப்பேன். "எல்லாம்தான் புடிச்சிச்சு" என்று ஒரு நாளும் சொல்லியிருக்க மாட்டேன். பொய் என்று தெரிந்துகொண்டேதான் நீ சிரித்து, தேநீர் கேட்டு, என் மானத்தைக் காப்பாற்றினாய்.

நீ போன அன்று மத்தியானம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். நிரோ மருந்துக்குப் போயிருந்தாள். இனிமேலும் மனதில் வைத்திருக்கக் கூடாது என்று துணிவு வந்து, "ரெஜி, உன்ட அந்தக் கரடிப் படத்த நான்…" என்று தொடங்கினேன். கோச்சி வந்தது. போர்வை மேல் கிடந்த உன் கை கொஞ்சம் உயர்ந்தது. நான் நிறுத்தினேன். அது போய் முடிந்தபோது உன் கை இறங்கியிருந்தது, கண் மூடியிருந்தது. நித்திரை கொள்ளட்டும், பிறகு சொல்லலாம் என்று எழும்பிப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன். அந்தத் தண்ணீர் கொதிக்குமுன் நீ போய்விட்டாய்.

அந்தப் பாதி வசனத்தோடுதான் இத்தனை காலம் நடமாடினேன். புதுக்கடையில் யாராவது வந்து, "மிஸ், இது உண்மையெண்டு கையொப்பம் வைக்கிறன்" என்று சொல்லும்போதெல்லாம் அது தொண்டையில் வந்து நின்றது.

நேற்றுக் கீழ்வீட்டு அங்கிள் உண்மையாகவே கூட்டோடு வந்தார். ஷெரின் படியிலேயே அவரை மறித்து, தன் பள்ளிக்கூடச் சிங்களத்தில், குட்டிகள் பெரிதாகும் வரைக்கும் பொறுக்கச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நானும் கையை உயர்த்திக் காட்டினேன், உன் மாதிரி. அவர் சிரித்து, கூட்டைத் திருப்பிக்கொண்டு போனார். ஆறு மணிக்குத் தாய் வெளியே வந்தாள். பின்னால் குட்டிகள் இரண்டும், முதல் தரம். கம்பியில் மூன்றும் வரிசையாகப் போவதைப் பார்த்தபடி உன் மகள் உன் கரடிக் குரலில், இல்லை, அவளுடைய கீச்சுக் குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திச் சொன்னாள்: "இவங்கள் என்ன லேசுப்பட்ட ஆக்களா?"

குட்டிகள் வளர்ந்து தாங்களாகப் போகும் வரைக்கும் இந்தக் கூரை அவர்களுடையது. இது உனக்கு நான் தருகிற வாக்கு. உன் படம் இனி மூன்று இடத்தில் இருக்கும், பாரூக் நானா பிரதி எடுக்கிறார். கோச்சியை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன் மகள் கையை உயர்த்தினால் நான் எந்தச் சண்டையையும் பாதியில் நிறுத்துவேன். ஆனால் சத்தம் அடங்கிய பிறகு எழும்பிப் போக மாட்டேன். ஒருத்தரிடமும் இனி ஒரு வசனத்தையும் பாதியில் விட மாட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோச்சி வந்தது. பேனையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். இப்போது போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன், கேள்.

…அன்டைக்குப் பாக்கேல்ல, தம்பி. பொய் சொன்னனான். இப்ப பாத்திட்டன். கோச்சி போற இடந்தான் புடிச்சிச்சு.

தேநீர் வைக்க எழும்பாமல், உன் பக்கத்திலேயே இருக்கிற
உன் அக்கா,
ஸ்டெல்லா